ஈச்சங்குட்டைக்கு வந்த பஸ்

எங்கள் ஈச்சங்குட்டைக்கு முதன்முதலாக பஸ் வந்தது, எங்குமே பஸ் ஓடாத ஒரு வாரத்தில்தான். வெளியூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த சமயம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற பெரிய ரோட்டில் மரங்கள் குறுக்கே கிடந்தன. லாரிச் சத்தம் நின்றுபோனதில், எப்போதும் கேட்காத கல்வராயன் மலை ஓடைச் சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது. மேகம் மலையை விட்டு இறங்கி எங்கள் கம்பங்கொல்லை வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. ஊரே அரைத் தூக்கத்தில் இருப்பது போலிருந்தது.

பெரிய ரோட்டிலிருந்து எங்கள் ஊர் ஐந்து மைல். மலையடிவார மண்பாதை, நடுவில் பாலமில்லாத ஓடை. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாருமே பஸ் விடுவதாகச் சொன்னார்கள், நாங்களும் ஒவ்வொரு தடவையும் நம்பினோம். பஸ் வேண்டும் என்று ஊரே கேட்டாலும், கொளஞ்சியம்மாள் கேட்டது மாதிரி யாரும் கேட்கவில்லை. அவள் கலெக்டரைக் கேட்கவில்லை, ஏரிக்கரை அய்யனாரைக் கேட்டாள். "பஸ்ஸு வரட்டும். அதுல எம் பொண்ணு வந்து எறங்கட்டும்" என்று.

அவள் பெண் அம்சவள்ளியைக் களமருதூரில் கொடுத்திருந்தது. நல்ல இடம். நஞ்சை பூமி, இரண்டு போகம் நெல். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றுதான் கெட்டுப்போனது. பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆவணி மழையில் ஐந்து மைல் நடந்து வந்தார்கள். ஓடையில் இறங்கும்போது மாப்பிள்ளையின் தாயார் பச்சையம்மாள் வழுக்கி, கட்டியிருந்த புதுப் பட்டுப்புடவையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்கொண்டு அழைக்கப் போன கொளஞ்சியம்மாள் அக்கரையில் நின்று சிரித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு சிரித்திருந்தாலும் பரவாயில்லை. நன்றாகவே சிரித்தாள்.

பச்சையம்மாள் விருந்துச் சாப்பாட்டைத் தொடாமல் திரும்பினாள். போகும்போது சொன்னது ஊருக்கே கேட்டது.

"பஸ்ஸு வராத ஊருல பொண்ணு எடுத்தது எம் புத்திக்கு வேணும். இந்த ஊருக்கு என்னிக்கி பஸ்ஸு வருதோ, அன்னிக்கி நானும் வர்றேன், ஒம் பொண்ணையும் அனுப்பறேன்."

அதோடு சரி. இரண்டு வருஷமாக அம்சவள்ளி தாய்வீட்டுக்கு வரவில்லை. சம்பந்தி வெற்றிலை பாக்கு கொடுத்து அழைக்காமல் பெண்ணைப் பெற்றவள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் கொளஞ்சியம்மாளும் போகவில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோன புருஷன் செல்லமுத்து மட்டும் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான்.

"எப்பிடி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா."

"நல்லாத்தான்னா இன்னாய்யா? மெலிஞ்சிருக்காளா, கறுத்திருக்காளா? மொகம் எப்பிடி இருக்குது?"

"மோர் குடுத்தா. குடிச்சேன்."

"மோர பாத்துட்டு வந்தியே, பொண்ண பாத்தியா?"

இந்த ஆம்பளைகளை நம்பிச் சேதி கேட்டால் இவ்வளவுதான். கொளஞ்சியம்மாள் அதற்குப் பிறகு தானாகவே நினைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். மகளைத் திட்டுகிறார்கள், சரியாகச் சோறு போடுவதில்லை, தான் சிரித்த சிரிப்புக்கெல்லாம் மகள் அங்கே அழுதுகொண்டிருக்கிறாள். கம்புக்குக் களை எடுக்கும்போதும் இதே நினைப்பு, கதிருக்குக் கிளி விரட்டும்போதும் இதே நினைப்பு.

மறியலன்று காலையில், போலீஸ் வண்டி மண்பாதை வழியாகச் சுற்றி வரப்போகிறது என்று சேதி வந்தது. எங்கள் ஊர் ஆம்பளைகள் கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். செல்லமுத்துதான் முன்னால். ஊருக்கு மேற்கே பாதையோரம் நின்ற பெரிய வேலமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கிழக்கே, பக்கத்து ஊர்க்காரர்களும் அதே யோசனையில் ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். இரண்டு மரத்துக்கும் நடுவில் போலீஸ் வண்டி வரவில்லை. பஸ் வந்தது.

மறியலுக்கு முந்திச் சேலம் போய்விடலாம் என்று உளுந்தூர்ப்பேட்டையில் விடியுமுன் கிளப்பிய பஸ் அது. பெரிய ரோடு அடைத்திருப்பதைப் பார்த்து, யாரோ வழி சொல்ல, டிரைவர் ராசு மலையடிவாரப் பாதையில் திருப்பிவிட்டார். ஓடையில் இறங்கி ஏறி, ஊருக்குள் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. முன்னால் வேலமரம். திரும்பிப் போகலாம் என்றால் அதற்குள் பின்னாலும் மரம் விழுந்துவிட்டது. பத்து வருஷமாக பஸ் கேட்ட ஊர், பஸ் வந்த அன்றைக்கே அதைப் போகவிடாமல் வெட்டிப்போட்டது. எங்களுக்குத்தான் இப்படியெல்லாம் வாய்க்கும்.

ஆரன் சத்தம் கேட்டதும் கொளஞ்சியம்மாள் கம்பங்கொல்லையிலிருந்து கையில் பிடித்த அரிவாளோடு ஓடிவந்தாள். பஸ்ஸின் படிக்கட்டுக்கு எதிரே நின்று இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மூட்டை தூக்கிய ஆள் இறங்கினார். கைப்பிள்ளைக்காரி இறங்கினாள். எல்லாரும் இறங்கிய பிறகு, முட்டிவலிக்காரர்கள் இறங்குவது போல் பின்பக்கமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இறங்கினாள். தரையில் கால் வைத்துத் திரும்பினாள். பச்சையம்மாள்.

நைனார்பாளையத்தில் இருக்கிற அண்ணனைப் பார்க்க சின்னசேலத்துக்கு ஏறியவள் அவள். பஸ் எந்த வழியில் போகிறது என்பதைக்கூடக் கவனிக்காமல் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இது எந்த ஊரு?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"ஈச்சங்குட்டைம்மா."

பச்சையம்மாள் பஸ்ஸைப் பார்த்தாள், கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள், மறுபடியும் படியில் ஏறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மற்ற பயணிகள் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்கு நடையைக் கட்டினார்கள். பச்சையம்மாளின் முட்டிக்கு நடை ஆகாது. டிரைவரும் கண்டக்டரும் வண்டியை விட்டுப் போக முடியாது. ஆக மூன்று பேர் மிச்சம். கொளஞ்சியம்மாள் அன்று மத்தியானம் ஏரிக்கரைக்குப் போய் அய்யனாரிடம் சண்டை பிடித்ததை ஆடு மேய்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"பஸ்ஸத்தான் அனுப்பினியே, ஆளையும் சரியா பாத்து அனுப்பக் கூடாதா? நான் யார கேட்டேன், நீ யார எறக்கிவுட்டுட்டுப் போற?"

செல்லமுத்து போய்க் கூப்பிட்டான்.

"வூட்டுக்கு வாங்க சம்மந்தியம்மா. பஸ்ஸுல எத்தினி நேரம் குந்திகினு இருப்பீங்க."

"பஸ்ஸு வந்தா வர்றேன்னு சொன்னேன், வந்துட்டேன். வூட்டுக்கு வர்றேன்னு சொல்லலியே" என்றாள் பச்சையம்மாள். "ஆமா, மரத்த வெட்னது யாரு?"

செல்லமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "நாலு பேரு சேந்துதான்."

"மொத வெட்டு?"

அவன் துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டான்.

"நல்லா இருக்குது. பொண்டாட்டி சிரிக்கறா, புருசன் வழிய அடைக்கறான். நான் ஒங்க ரெண்டு பேருக்கும் இன்னாய்யா பாவம் பண்ணேன்?"

கொளஞ்சியம்மாள் பஸ்ஸுக்கே சாப்பாடு கொண்டுபோனாள். கம்பங்களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். பேசாமல் சீட்டில் வைத்துவிட்டு வருவாள். பச்சையம்மாள் பேசாமல் கொஞ்சம் தின்பாள். "கம்பு எனக்கு ஒத்துக்காது" என்று பொதுவாகக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாள். டிரைவர் ராசுதான் நடுவில் மாட்டிக்கொண்டார். நல்ல மனுஷர், சாப்பாட்டு ராமர்.

"ஒங்களுக்கு ஒத்துக்கலன்னா இப்பிடி தள்ளுங்கம்மா, எனக்கு நல்லா ஒத்துக்குது" என்பார்.

பாட்டரி இறங்கிப் போகாமலிருக்க அவர் தினமும் காலையில் எஞ்சினை ஓடவிடுவார். அந்தச் சத்தத்துக்கு ஊரே வந்து பஸ்ஸில் ஏறிக்கொள்ளும். சன்னலோரத்துக்குச் சண்டை நடக்கும். எல்லாரும் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்ப்பார்கள். வண்டி நின்ற இடத்தில் நடுங்கும். வெளியே பனிமூட்டம் மலையிலிருந்து நகர்ந்து வருவதால் வண்டியே போவது போலிருக்கும். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். "இன்னா அத்த, எங்க போய்க்கினு இருக்கற?" என்று கேட்டால், "கடலூரு தாண்டிட்டேன், தண்ணி தெரியுது" என்பாள் கடலையே பார்க்காத ஒருத்தி. பிறகு ராசு எஞ்சினை நிறுத்துவார். எல்லாரும் இறங்கிக் கொல்லை வேலைக்குப் போவோம். அந்த நாட்களை நினைத்தால் கனவில் நடந்தது போல்தான் இருக்கிறது. வடக்கே துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னதும், ஆம்பளைகள் மரவள்ளிக் காட்டில் போய்ப் பதுங்கியதும் நிஜம். நாங்கள் எங்கும் போகாத பஸ்ஸில் தினமும் ஊர் போய் வந்ததும் நிஜம்தான்.

கொளஞ்சியம்மாளும் ஒரு காலையில் ஏறி, பச்சையம்மாளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், களமருதூருக்குத்தான்.

பிறகு மழை பிடித்தது. மலைமழை, சொல்லிக்கொள்ளாமல் சாய்கிற மழை. பஸ்ஸின் கூரை ஒழுகியது. பச்சையம்மாள் சீட்டு மாற்றிச் சீட்டு மாற்றி உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் கொளஞ்சியம்மாள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, இன்னொரு சாக்கோடு போய் நின்றாள்.

"வாங்க. என்மேல கோவத்த வூட்ல வந்து பட்டுக்குங்க. நனஞ்சி காய்ச்சல் வந்து நீங்க படுத்தீங்கன்னா, அங்க எம் பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பச்சையம்மாள் சாக்கை வாங்கிப் போட்டுக்கொண்டாள். சேற்றில் வழுக்கும் இடத்தில் கொளஞ்சியம்மாளின் தோளைப் பிடித்தாள். அது கோபம் போனதால் அல்ல, முட்டிக்காக.

வீட்டில் அன்றைக்குக் களியும் புளிச்சகீரைக் கடைசலும். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். கொளஞ்சியம்மாள் அதை வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, கடைந்த கீரையின் மேல் தூவி, கடைசியாக ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு இறக்குவாள். பச்சையம்மாள் ஒரு வாய் வைத்தாள். அப்படியே நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.

"இத எங்க கத்துக்கின?"

"கத்துக்கறதுக்கு இன்னா இருக்குது. எங்கம்மா செய்வாங்க, நானும் செய்யறேன்."

"எங்க வூட்ல வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதுதான். இதே மல்லாட்ட, இதே வெளக்கெண்ண."

"யாரு செய்வாங்க?"

"யாரு செய்வா, ஒம் பொண்ணுதான். வந்த புதுசுல, கீரையில எவளாவது மல்லாட்டைய போடுவாளான்னு தட்ட தள்ளி வெச்சேன். இப்ப எம் பையனுக்கு அது இல்லன்னா சோறு எறங்க மாட்டன்னுது. எனக்குந்தான்."

கொளஞ்சியம்மாள் எழுந்து அடுப்பிடம் போனாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதினாள். புகைக்குக் கண் கலங்குவது மாதிரி கலங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். வெளியே மழை விடவில்லை. இரண்டு பேருக்கும் வேறு வேலையில்லை.

"மெலிஞ்சிருக்காளா?" என்று கேட்டாள்.

"மெலியறதா. ரவிக்கைய ரெண்டு தடவ பிரிச்சித் தச்சாச்சி."

"காலையில எழுந்திருப்பாளா? இங்க எழுப்பறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடும்."

"அங்கயும் அப்பிடித்தான். நான் வாசல் தெளிச்சி கோலம் போட்டு முடிச்சப்புறம் வந்து, 'ஏன் அத்த என்னை எழுப்பல'ன்னு சண்ட போடுவா. நான் எழுப்ப மாட்டேன். தூங்கட்டும், நடவு நட்டா இடுப்பு வுட்டுப்போவுது."

"நடவு நடறாளா? நாங்க புஞ்சக்காரங்க. இங்க சேத்துல எறங்கினதே இல்லியே அவ."

"மொத நாளு நட்டத பாத்து ஊரே சிரிச்சுது. ஒரு நாத்து அங்க, ஒரு நாத்து இங்க. நான்தான் கூட நின்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப அவ நட்டா கயிறு புடிச்ச மாதிரி இருக்கும்."

கொளஞ்சியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாடு எத்தனை, எந்த மாட்டிடம் மகள் பால் கறக்கிறாள், தலைவலி வருகிறதா, யாரோடு சேர்ந்து தண்ணீருக்குப் போகிறாள். கேட்கக் கேட்க, இத்தனை நாள் அவள் மனசில் அழுதுகொண்டிருந்த அம்சவள்ளி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறொரு வீட்டில் நடமாட ஆரம்பித்தாள்.

பச்சையம்மாள் திடீரென்று சொன்னாள். "நான் தண்ணியில வுழுந்தது எனக்கு வலிக்கல. நீ சிரிச்சதுதான்."

"சிரிச்சேன்தான். இல்லன்னு சொல்லல." கொளஞ்சியம்மாள் கையைப் பிசைந்தாள். "பொண்ணு பாக்க வந்ததுலருந்து ஒங்களப் பாத்தா எனக்கு பயம். நெல்லு வெளையற ஊரு, பெரிய வூடு, நீங்க சத்தமா பேசுவீங்க. எம் பொண்ணு இவங்ககிட்ட எப்பிடி காலந்தள்ளுவாளோன்னு சோறே எறங்காம இருந்தேன். நீங்க தண்ணியில குந்திகினு, தலைமுடி முன்னால வுழுந்து, பேந்தப் பேந்த முழிச்சீங்க பாருங்க. அட, இவங்களும் நம்பள மாதிரி ஒரு பொம்பளதானேன்னு இருந்துது. பயம் போன சந்தோசம் சம்மந்தியம்மா. அது சிரிப்பா வந்துட்டுது. மன்னிச்சிக்குங்க."

பச்சையம்மாள் முட்டியை நீவிவிட்டுக்கொண்டாள்.

"அந்தக் கோவம் எனக்கு ஆறு மாசத்துல போயிடுச்சி" என்றாள்.

"அப்புறம் ஏன் அவள அனுப்பல?"

"எனக்குப் பொட்டப் புள்ள இல்ல. ரெண்டும் பையனுங்க. ஆம்பளைங்க வூட்ல பேச மாட்டாங்க, தின்னுட்டுப் பூடுவாங்க. இவ வந்தப்புறம்தான் எங்க வூட்ல பேச்சு சத்தம். இங்க அனுப்பினா ஒரு மாசம் இருக்கட்டும்பீங்க. அந்த ஒரு மாசம் நான் இன்னா பண்றது? அதாங்காட்டியும் பஸ்ஸு வரட்டும், பஸ்ஸு வரட்டும்னு சொல்லிகினே இருந்தேன். இந்த ஊருக்கு எங்க பஸ்ஸு வரப்போவுதுன்னு ஒரு தைரியம்."

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றே பின்னாளில் எங்களிடம் சொன்னாள். ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. மகள் வர வேண்டும் என்று கேட்டது எதற்காக, அவள் நன்றாக இருக்கிறாளா என்று பார்க்கத்தானே. கேட்பதற்கு முன்னாலேயே அது கொடுக்கப்பட்டிருந்தது. யாரும் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு ஆளை பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

மழை விட்ட பிறகு பச்சையம்மாள் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. சும்மா உட்காரத் தெரியாதவள். மறுநாளே அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பங்கொல்லைக்கு வந்துவிட்டாள். கொளஞ்சியம்மாள் குனிந்து தாளை அறுக்க, அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கதிரைக் கொய்து கூடையில் போட்டாள். இரண்டு பேர் தலையிலும் கம்பம்பூ மஞ்சளாக ஒட்டியிருந்தது. நனைந்த மண்ணிலிருந்து ஆவி எழும்பி, மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்தது. அவர்கள் பேசுவது மட்டும் கேட்கும். பேச்சு பூராவும் அம்சவள்ளிதான். ஒருத்தி பிறந்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் சொல்ல, இன்னொருத்தி கல்யாணத்திலிருந்து போன வாரம் வரைக்கும் சொன்னாள்.

மறியல் முடிந்துவிட்டது என்று சேதி வந்தபோது ஊரில் எல்லாருக்கும் நிம்மதி. செல்லமுத்து, தான் சாய்த்த வேலமரத்தை வெட்டி அப்புறப்படுத்தப் போனான். கொளஞ்சியம்மாள் கொல்லையிலிருந்தே கோடாலிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, புருஷன் சோம்பேறியாக இருக்கக் கூடாதா என்று நினைத்தாளாம். கிழக்குப் பக்கத்து மரம் அதற்குமுன்பே அகற்றப்பட்டிருந்தது. முன்னால் போக வேண்டாம், டெப்போவுக்குத் திரும்பு என்று ராசுவிடம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். பஸ் உளுந்தூர்ப்பேட்டைக்கே போகிறது.

"அண்ணன பொங்கலுக்குப் பாத்துக்கறேன்" என்று பச்சையம்மாள் பையை எடுத்துக்கொண்டாள்.

ஊரே வழியனுப்பக் கூடி நின்றது. பச்சையம்மாள் படியில் ஏறி, திரும்பி, இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்தாள். வாடிப்போன இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்துக் கொளஞ்சியம்மாளிடம் நீட்டினாள்.

"ஏறு."

"எங்க?"

"பொண்ண பாக்க."

"சம்மந்தியம்மா, கொல்லையில பாதி கதிரு நிக்குது. பொடவ வேற இப்பிடி. மாத்திக்கினு ஓடியாந்துர்றேன்."

"நீ மாத்திக்கினு வர்றதுக்குள்ள எம் மனசும் மாறிடும். ஏறு."

ராசு திரும்பிப் பார்த்து, "ஏறுங்கம்மா. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றார்.

கொளஞ்சியம்மாள் கையிலிருந்த அரிவாளைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, வெற்றிலையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். மரத்தை அப்புறப்படுத்திவிட்டு வந்த செல்லமுத்து, பெண்டாட்டி பஸ்ஸில் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த பஸ் ஓடையில் இறங்கி, அக்கரையில் ஏறி, பனிமூட்டத்தில் மறைந்தது. அதன்பிறகு எங்கள் ஊருக்கு பஸ் விட இன்னும் பல வருஷம் ஆயிற்று.

உளுந்தூர்ப்பேட்டையில் பஸ் மாறி, களமருதூரில் இறங்கும்போது பொழுது சாய்கிற நேரம். நெல்வயலின் வரப்பில் பச்சையம்மாள் முன்னால் போனாள், கொளஞ்சியம்மாள் பின்னால். வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அம்சவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். கைத் தவிட்டை உதறக்கூட இல்லை, ஓடிவந்தாள்.

ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "எங்க அத்த போனீங்க? நைனார்பாளையத்துக்கு நீங்க வந்து சேரலன்னு சொல்றாங்க. சுட்டுட்டாங்கன்றான் ஒருத்தன், பஸ்ஸ கொளுத்திட்டாங்கன்றான் ஒருத்தன். நான் எத்தினி நாளு அழுதேன் தெரியுமா?" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். பச்சையம்மாளும் அழுதாள். பின்னால் ஆள் நிற்பதை அம்சவள்ளி இன்னும் பார்க்கவில்லை.

கொளஞ்சியம்மாளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பெற்றவளுக்கு இல்லாமல் இருக்குமா. ஆனால் மகள் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இப்படி அழுகிறாள் என்றால், அவளுக்கு இங்கே ஒரு தாய் கிடைத்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். அதைப் பார்க்கத்தான் தான் இவ்வளவு தூரம் கூட்டிவரப்பட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சுருக்கோடேயே மனசு நிறைந்துவிட்டது.

அழுதுகொண்டே நிமிர்ந்த அம்சவள்ளி, மாமியாரின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அம்மா?"

"ஒங்கத்த வரப்புல ரொம்ப தூரம் நடந்து வந்திருக்காங்க, முட்டி நோவும்" என்றாள் கொளஞ்சியம்மாள். "மொதல்ல அவங்களுக்குத் தண்ணி குடு. நான் இங்கதான் நிக்கறேன்."